பல்லக்காவின் புத்தகத்துக்கு ஒரு ஸ்டார்

முடிவை மட்டும் மாற்றிக் கொடுத்தால் புத்தகம் போட்டுவிடலாம் என்று பதிப்பாளர் சொன்னதும், பல்லக்கா கீழே வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கிளம்பப் போகிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம். பதிப்பாளர் அதைக் கவனிக்காமல் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த அறையில் இரண்டு நாற்காலிகளைத் தவிர மற்ற இடமெல்லாம் விற்காத புத்தகக் கட்டுகள். ஜன்னலையும் கட்டுகளே அடைத்திருந்ததால் பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. மனிதர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கதையை முழுதாகப் படித்திருந்தார், அதுவே பெரிய விஷயம். இதற்கு முன்னால் அனுப்பிய இடங்களில் கதை கிடைத்தது என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவரோ படிக்கும்போது கண் கலங்கியதாகச் சொன்னார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அந்தக் கண் காய்ந்துபோய்விட்டதாம். சாகக் கிடக்கும் அண்ணன், தன்னை மன்னித்துவிட்டாயா என்று தங்கையைக் கேட்கிறான். அவள் பதிலே சொல்லாமல், அவன் தண்ணீர் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். அத்தோடு கதை முடிந்துவிடுகிறது. இப்படி ஒரு முடிவை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு புத்தகத்தை விற்பது என்பது அவர் கேள்வி.

"மன்னிச்சிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சேத்துடுங்கம்மா. படிக்கிறவங்க அழுதுகிட்டே மூடி வைப்பாங்க" என்றார்.

"அவ மன்னிக்கலையே சார்."

"நீங்கதானே எழுதினீங்க? நீங்க சொன்னா மன்னிச்சிடப் போறா."

"சொல்லிப் பாத்தேன். அவ ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கா எழுந்து வந்துவிட்டாள். படி பாதி இறங்கியவள் நின்றாள். திரும்பிப் போய் சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. யாருக்குத்தான் தோன்றாது? ஆனாலும் போகவில்லை.

பல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவள். நாற்காலியில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த ஏதோ ஒரு குழந்தை வாயில் வந்த பெயர், வீடு வரைக்கும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது. எச்சிலை உறிஞ்சும் குழாயை வாயோரம் பிடிக்க வேண்டும். பல் அச்செடுக்கும் மாவைக் கட்டி தட்டாமல் குழைக்க வேண்டும். குறடு, கொக்கி, குட்டிக் கண்ணாடி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, கிருமி சாக அவிக்கும் ஆவிப்பெட்டியில் அடுக்க வேண்டும். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்கள் கண்ணால்தான் பேசுவார்கள். அந்தக் கண்களைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குக் கதை எழுத வந்துவிட்டது என்று டாக்டரம்மா பெருமையாகச் சொல்வார். பல்லக்கா மறுத்துப் பேச மாட்டாள். ஆனால் கதை அவளுக்குள் வந்தது அதற்கும் வெகுகாலம் முன்னால்.

அப்போது அவள் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்திருந்தாள். தவளையை அறுத்துப் பார்க்கும் வகுப்பில் நின்றுகொண்டிருந்தவளை அண்ணன் வந்து வெளியே கூப்பிட்டார். அப்பா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அம்மா ஏற்கெனவே இல்லை. இந்த ஒரு வருஷம் மட்டும் அப்பாவைப் பார்த்துக்கொள், அடுத்த வருஷம் நானே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன் என்றார் அண்ணன். அவள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் கூடவே வந்தாள். அடுத்த வருஷம் வந்தது, அதற்கடுத்த வருஷமும் வந்தது. அண்ணனுக்குக் கல்யாணமாகித் தனி வீடு போனார். அப்பா கண்ணை மூடியபோது அவளோடு படித்தவர்கள் வேலைக்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். கொடுத்த வாக்கைப் பற்றி அண்ணன் அதன்பிறகு ஒரு நாளும் பேச்செடுக்கவில்லை. சுத்தமாக மறந்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். படிப்பு போனதைக்கூட விட்டுவிடுவாள், அந்த மறதி மட்டும் அவளுக்கு ஆறவே இல்லை.

நாவல் எழுதியபோது ஊரை மாற்றினாள், கல்லூரியை நர்ஸ் பயிற்சிப் பள்ளியாக்கினாள், அண்ணனுக்கு ஒரு மீசை வைத்தாள். மற்றதில் கை வைக்கவில்லை.

முக்கால்வாசிக் கதை ஆஸ்பத்திரியின் பின்னறையில் பிறந்தது. ஆவிப்பெட்டி ஓடும்போது புழுக்கம் தாங்காமல் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கையில் ரப்பர் உறை இருப்பதால் எழுத வழியில்லை. அதனால் போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, கருவிகளைத் துடைத்தபடியே வாயால் சொல்வாள், போன் எழுதிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து, சமையல் முடிந்தபின், எழுதியதைத் திருத்துவாள். இப்படி இரண்டு மழைக்காலம் போய்த்தான் அந்தக் கதை முடிந்தது.

பதிப்பாளரிடமிருந்து வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்தே வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு வழி அடைத்துக்கொண்டால் இன்னொரு வழியாக உள்ளே இறங்குவதே அவர் பிழைப்பு. இணையத்தில் ஒரு கடை இருக்கிறது, அதில் நம் புத்தகத்தை நாமே போடலாம், யார் தயவும் வேண்டாம் என்று கூட வேலை பார்ப்பவர் சொன்னதாகச் சொன்னார். அச்சில்லை, காகிதமில்லை. போனிலேயே வாங்கி போனிலேயே படித்துக்கொள்வார்கள்.

யார் வேண்டுமானாலும் புத்தகம் போடலாம் என்று ஆகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆமாம், யார் வேண்டுமானாலும் போடலாம். அந்த யாரோவில் பல்லக்காவும் ஒருத்தி. போட்டுவிட்டாள்.

அட்டைக்குப் படம் வேண்டுமென்று கடை கேட்டது. வீட்டுக்காரர் சமையல் மேடையில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் பிடித்தார். படம் சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக வந்தது. இடது மூலையில் அவர் கட்டைவிரலும் வந்துவிட்டது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. கவிழ்த்த டம்ளர் என்று தலைப்புப் போட்டு, கீழே பல்லக்கா தன் பெயரைப் போட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தாள். அச்சடித்த புத்தகமாக இருந்தால் முகர்ந்து பார்த்திருக்கலாம், ஷெல்ஃபில் நிற்க வைத்திருக்கலாம். இதை என்ன செய்வது? போனுக்குச் சார்ஜ் போட்டாள்.

அப்புறம் வெகுநாள் ஒன்றும் நடக்கவில்லை. சொந்தமாகப் புத்தகம் போடுவதில் சுகம் நிறைய. எழுத்தும் அட்டையும் விலையும் நம் இஷ்டம், முடிவும் நம் இஷ்டம். ஆனால் இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல ஒரு நாதி கிடையாது. அந்தக் கடையில் கோடிப் புத்தகம் கிடக்கிறது. அதில் கட்டைவிரல் தெரியும் ஒன்றை யார் தேடி வரப் போகிறார்கள்?

ஒருத்தி வந்தாள். கடல் தாண்டி எங்கோ ஒரு முதியோர் விடுதியில் வேலை பார்ப்பவள். ஐந்து ஸ்டார் கொடுத்து, அழுதுகொண்டே படித்ததாக எழுதிவிட்டு, ஒரு சந்தேகமும் கேட்டிருந்தாள். கடைசிக் கட்டத்தில் அண்ணன், தங்கச்சி என்று கூப்பிடுகிறானே, அடுத்த வரியில், "வாயை நல்லாத் திறங்க, இன்னும் கொஞ்சம், ம், இப்ப துப்பிடுங்க" என்று வருகிறதே, அது என்ன வைத்தியம்?

பல்லக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அது முன்னறையில் டாக்டரம்மா நோயாளியிடம் சொன்னது. பின்னறைக் கதவு திறந்திருந்த நேரத்தில் போன் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டுவிட்டது. திருத்தும்போது எப்படியோ கண்ணில் படவில்லை. பதிப்பகம் என்றால் பிழை பார்க்க ஆள் இருப்பார்கள், இங்கே எல்லாம் தான் ஒருத்திதானே. சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். புத்தகம் வாங்கியவள் கையில் இருந்த பிரதியிலும் வரி தானாகவே மறைந்துபோயிற்று. இதைக் கேட்டு டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு வசனம் தானும் எழுதியிருப்பதால் அட்டையில் தன் பெயரையும் போட வேண்டும் என்று நாள் முழுக்கக் கேலி செய்தார்.

இன்னொருவர் அட்டையில் ஏதோ விரல் தெரிகிறதே என்று எழுதினார். வேறு படம் எடுத்துத் தருவதாக வீட்டுக்காரர் ரோஷத்தோடு கிளம்பினார். பல்லக்கா விடவில்லை, அது இருக்கட்டும் என்றாள்.

இந்தச் சமயத்தில்தான் விஷயம் அண்ணன் காதுக்குப் போனது. உறவில் அவருக்குச் சேர்மன் என்று பெயர். எந்தச் சங்கத்திலும் எந்தப் பதவியும் கிடையாது. ஆனால் எந்த வீட்டு விசேஷமானாலும் முன்வரிசை நடுநாற்காலி அவருடையது. தங்கை புத்தகம் எழுதியிருக்கிறாள் என்றதும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் அத்தனை பேரையும் தன் வீட்டுக்கு வரவழைத்தார். எல்லார் போனுக்கும் தன் வீட்டு வைஃபையைக் கொடுத்தார். நடுநாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அருமையான குடும்பக் காவியம், பாசத்தைப் பிழிந்து தந்திருக்கிறார்" என்று ஒரு வரியைச் சொன்னார். எல்லாரும் அதை அப்படியே போட்டு ஐந்து ஸ்டார் கொடுத்தார்கள். சித்தப்பா தன் போனில் ஒன்று, சித்தி போனில் ஒன்று என்று இரண்டு முறை கொடுத்தார். புத்தகத்தை ஒருவரும் திறக்கவில்லை. சேர்மன் வாங்கினார், அவரும் திறக்கவில்லை.

பல்லக்காவும் அங்கேதான் இருந்தாள். வேண்டாம் என்று தடுத்திருக்கலாம். ஆனால் தன்னைப் பற்றிப் பேசும்போது அண்ணன் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததே இல்லை. அந்த மலர்ச்சியில் உச்சி குளிர்ந்துபோய் அவளும் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே கடையில் புத்தகத்தைக் காணோம். ஒரே வீட்டிலிருந்து ஒரே பொழுதில் ஒரே வார்த்தைகளில் இத்தனை பாராட்டு வந்திருப்பது போலியாகத் தெரிவதால் புத்தகம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று கடையிலிருந்து மெயில் வந்திருந்தது. அவர்கள் என் சொந்தக்காரர்கள், உயிரோடு இருக்கும் மனிதர்கள் என்று எழுதினாள். தொடர்புகொண்டதற்கு நன்றி, உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி என்று உடனே பதில் வந்தது. நான் திருப்தியாக இல்லை என்று எழுதினாள். அதற்கும் அதே நன்றி, அதே மகிழ்ச்சி. பதிப்பாளரிடமாவது முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசினாள். இந்தக் கடையில் கோபித்துக்கொண்டு எழுந்து வருவதற்குக்கூட ஒரு நாற்காலி இல்லை. இங்கே யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஆனாலும் அவள் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் யாரோ ஒரு மனிதப்பிறவியின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் கொடுத்த ஸ்டார்களை அவரவரே எடுத்துவிட்டால் புத்தகம் திரும்ப வரும் என்று தெளிவாக ஒரு பதில் வந்தது. பல்லக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். கூப்பிட்ட இடத்திலெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கொடுத்ததைத் திருப்பி வாங்கச் சொல்வது நன்றாகவா இருக்கிறது என்றாள் நாத்தனார். சித்தப்பா, இரண்டையும் எடுக்க வேண்டுமா, ஒன்று போதுமா என்று பேரம் பேசினார். முனகிக்கொண்டே எல்லாரும் எடுத்துவிட்டார்கள். சேர்மனுடையது மட்டும் பாக்கி. அவர் போனையே எடுக்கவில்லை.

ஸ்டாரை எடுக்கலாம் என்று போனைத் திறந்தவர், வாங்கி வைத்த புத்தகம் கண்ணில் பட, சும்மா முதல் பக்கத்தைப் புரட்டியிருக்கிறார். பிறகு அவரால் கீழே வைக்க முடியவில்லை. கடைசி வரி வரை படித்துவிட்டு மறுநாள் மாலை பல்லக்கா வீட்டுக்கு வந்தார்.

வழக்கமாக நுழையும்போதே ஊரைக் கூட்டுகிறவர், அன்றைக்குச் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தார். டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"படிச்சேன்" என்றார். "அச்சுல வந்திருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. இது அப்படியில்லையே. அந்த டாக்டர் பேச்சை ஒரே நிமிஷத்துல எடுத்துட்டேன்னு நீதானே சொன்னே. அதே மாதிரி முடிவையும் மாத்திடு. மன்னிச்சிட்டேன்னு அவ சொல்லட்டும். இங்கேயே உக்காந்து என் ஸ்டாரை எடுத்துடறேன்."

"அது தப்பா விழுந்ததுண்ணா. இது நான் எழுதினது."

"படிக்கிறவன் எல்லாம் அது நான்தான்னு நினைப்பான்."

"நினைக்கட்டும். நீங்க நினைச்சீங்களா?"

சேர்மன் சுவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். "அவனுக்கு மீசை இருக்கு" என்று கடைசியில் சொன்னார்.

வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். சிரிப்பா வருத்தமா என்று அவருக்கே தெரியவில்லை. பல்லக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக அண்ணனிடம் குரலை உயர்த்திப் பேசாதவள், அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"ஒரு வார்த்தைதானேம்மா? அதனால உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றார் அவர்.

"அந்த ஒரு வார்த்தைதாண்ணா எனக்குன்னு மிச்சம் இருக்கு. அதைக் கடையில விக்கிறதுக்கு நான் புத்தகம் போடல."

டீ ஆடை கட்டிக் கிடக்க, அவர் எழுந்து போனார். ஸ்டாரை எடுக்கவில்லை.

புத்தகம் இல்லாத நாட்கள் அவளுக்கு வேம்பாகக் கசந்தன. ஆவிப்பெட்டியின் முன்னால் நின்றால் வாய் சும்மா இருந்தது. ஒரு நாள் மாவு கட்டி தட்டி, அச்சு கெட்டு, நோயாளி இரண்டாம் முறை வாயைப் பிளக்க வேண்டியதாயிற்று. அந்த முதியோர் விடுதிப் பெண், தன் தோழிக்கு வாங்கப் போனால் புத்தகம் இல்லையே என்று கேட்டு, புத்தகத்தில் இருந்த விலாசத்துக்கு மெயில் எழுதினாள். என்ன பதில் சொல்வது?

வீட்டுக்காரர் மனசு கேட்காமல் ஒரு யோசனை சொன்னார். "மாத்திடு. அவர் ஸ்டாரை எடுத்ததும் பழைய முடிவையே திருப்பிப் போட்டுக்கோ. யாருக்குத் தெரியும்? காகிதமா, அழிச்ச தடம் தெரியறதுக்கு?"

யோசனை என்னவோ சரிதான். லிஃப்டை ஒரு மாடி கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவது போன்ற காரியம். பல்லக்கா போனை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். டம்ளர் வரிக்கு மேலே, மன்னிச்சிட்டேன்ணா என்று அடித்தாள். பார்த்தாள். நாவலின் அந்தப் பெண்ணை இரண்டு மழைக்காலம் தினமும் பார்த்தவள் அவள். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் இவளை நிமிர்ந்து பார்ப்பது போலிருந்தது. அடித்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

"ஒரு நாளைக்குக்கூட அவ மன்னிக்க மாட்டா. புத்தகம் வராட்டி வராம போகட்டும்" என்றாள்.

புத்தகம் கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் அவள் தானே மெயிலில் சும்மா அனுப்பத் தொடங்கினாள். கடை மூடினால் என்ன, கதை என்னிடம்தானே இருக்கிறது என்று ஒரு வைராக்கியம். டாக்டரம்மா காத்திருப்போர் அறையில் ஒரு தாளே ஒட்டிவிட்டார், இந்த ஆஸ்பத்திரிப் பல்லக்காவின் நாவல் வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று. பல் வலியோடு வந்தவர்கள் அண்ணன் தங்கைக் கதையோடு திரும்பிப் போனார்கள்.

பிறகு ஒரு நாள் மதியம், உங்கள் புத்தகம் மீண்டும் விற்பனைக்கு வந்துவிட்டது என்று மெயில் வந்தது. பல்லக்கா உறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனைப் பிடித்தாள். சேர்மனின் குடும்பக் காவியம் போயிருந்தது. அண்ணன் இறங்கி வந்துவிட்டார் என்று மனசு இளகியது. பக்கத்தைக் கீழே தள்ளினாள். அங்கே புதிதாக ஒரு விமரிசனம், அண்ணனின் முழுப்பெயரோடு இருந்தது. ஒரு ஸ்டார். பாராட்டினால்தான் கடைக்குச் சந்தேகம் வரும், திட்டினால் வராது.

அண்ணன் இப்படி எழுதியிருந்தார்: "கதை நன்றாகத்தான் இருக்கிறது. முடிவு தப்பு. அந்த அண்ணனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கக்கூடத் தெரியாது. அடுத்த வருஷம் சேர்த்துவிடுகிறேன் என்று சொன்னபோது அவன் பொய் சொல்லவில்லை. பிறகு முடியாமல் போனது. முடியாமல் போனதைத் தங்கையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் மறந்துவிட்ட மாதிரியே காலத்தை ஓட்டிவிட்டான். ஒரு நாளும் மறக்கவில்லை. எழுதியவர் இதை எழுதவே இல்லை. முன்பு நான் கொடுத்த ஐந்து ஸ்டார் படிக்காமல் கொடுத்தது. இது படித்துவிட்டுக் கொடுப்பது."

நாவலில் அண்ணனின் வயது எந்தப் பக்கத்திலும் இல்லை.

பல்லக்கா ஆவிப்பெட்டியின் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். மறக்கவில்லை என்பதற்காக ஒரு அழுகை. மறக்காமல் இருந்துகொண்டே இத்தனை வருஷம் நடுநாற்காலியில் உட்கார்ந்து கதை பேசினாரே என்ற ஆத்திரத்தில் இன்னொரு அழுகை. இரண்டும் ஒன்றாக வந்ததில் எது எது என்று பிரிக்க முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த நோயாளிக்குக் குழாய் பிடிக்கப் போனாள்.

அந்த ஒரு ஸ்டார் செய்த வேலையை அத்தனை ஐந்து ஸ்டாரும் சேர்ந்து செய்யவில்லை. முன்பின் தெரியாதவர்கள் அதன் கீழே வந்து வரிந்துகட்டிக்கொண்டார்கள். தானும் ஓர் அண்ணன்தான், அந்தப் பெண்ணுக்குக் கல் மனசு என்றார் ஒருவர். ஒரு வருஷம் என்று சொல்லிப் பறித்ததை யார் திருப்பித் தருவது என்றாள் ஒருத்தி. சண்டை யாரைப் பற்றி என்று பார்க்க வந்தவர்கள் புத்தகத்தை வாங்கினார்கள். எல்லாருக்கும் கீழே ஒருவர் அமைதியாக ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஐயா, கதையில் வயதே இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?

அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேர்மன் வந்தார். நடுநாற்காலிக்குப் போகாமல் சமையலறை வாசலை ஒட்டிக் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ கொடுத்தாள். இந்த முறை சொட்டு விடாமல் குடித்தார். மழை, முழங்கால் வலி, சித்தப்பாவின் புதுப் போன் என்று பேச்சு எங்கெங்கோ சுற்றியது. டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"முடிவை மாத்தினியா?"

"இல்லண்ணா."

"மாத்துவியா?"

"மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். "சரி. நானும் அந்த ஒரு ஸ்டாரை மாத்த மாட்டேன்."

"மாத்தாதீங்க. சொந்தத்துல படிச்சிட்டுப் போட்டது நீங்க ஒருத்தர்தான்" என்றாள் பல்லக்கா.

அவர் எழுந்தார். காலி டம்ளர் கையில் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள யாராவது வருவார்கள் என்று பழக்கதோஷத்தில் ஒரு கணம் நீட்டினார். பல்லக்கா எழுந்திருக்கவில்லை. வாங்கப் போன வீட்டுக்காரரையும் கண்ணாலேயே உட்கார வைத்தாள். சேர்மன் தானே சமையலறைக்குள் போனார். குழாயை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார். வெகுநேரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கழுவிய டம்ளரை எங்கே எப்படி வைப்பது என்று தெரியாமல், தண்ணீர் சொட்டச் சொட்டக் கையில் பிடித்தபடி நின்றார்.

"கவுத்து வைங்கண்ணா" என்றாள் பல்லக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.